எண்ணிக் காட்டுங்கள்

பொதுத்தேர்தலின் முடிவுகள் வெளிவந்த மறுநாளே நம் நாட்டில் பழைய வழக்கொன்று மீண்டும் தொடங்கிவிடுகிறது. தோற்றவர் வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பழிக்கிறார். வென்றவர் அதனைப் போற்றுகிறார். அடுத்த தேர்தலில் இருவரும் இடம் மாறினால் பேச்சும் இடம் மாறுகிறது. 2009-இல் தோல்வியுற்ற பாரதிய ஜனதாவின் மூத்த தலைவர் அத்வானி, வாக்குச்சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்றார். அக்கட்சியைச் சேர்ந்த ஜி.வி.எல். நரசிம்ம ராவ் 2010-இல் இயந்திரத்திற்கு எதிராக ஒரு நூலே எழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவரும் அத்வானிதான். அன்று ஆட்சியிலிருந்த காங்கிரசுக்கு இயந்திரத்தில் குறையேதும் தென்படவில்லை. 2014-க்குப் பின்னர் வாதங்கள் கட்சி மாறிக்கொண்டன. இந்தச் சந்தைக் கூச்சலில் நமக்கு அக்கறையில்லை. ஆனால் கட்சிகள் தம் வசதிக்கேற்ப எழுப்பியும் அடக்கியும் வருகிற அந்தக் கேள்வி கட்சிகளுக்குச் சொந்தமானதன்று, வாக்களிக்கிறவருக்குச் சொந்தமானது. தாம் இட்ட வாக்கு இட்டபடியே எண்ணப்பட்டது என்பதை அவர் எதைக்கொண்டு அறிவார்?

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். இன்ன தேர்தலில், இன்ன தொகுதியில் இயந்திரத்தைக் கொண்டு மோசடி நடந்தது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. சான்றின்றி அவ்வாறு கூறுவது பொய்ச்சான்று. எட்டாம் கட்டளை அதனை விலக்குகிறது. ஆனால் மோசடி மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும், எண்ணிக்கை மெய்ப்பிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. மெய்ப்பிக்க வேண்டிய கடன் தேர்தலை நடத்துகிறவரைச் சார்ந்தது. விரலில் மையோடு வீடு திரும்பும் ஏழைப் பெண்ணைச் சார்ந்ததன்று.

இக்கடனை ஜெர்மனி உணர்ந்தது. 2005-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அந்நாட்டினர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் நெடாப் நிறுவனத்தின் இயந்திரங்களில் வாக்களித்தனர். ஒரு தந்தையும் மகனும் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2009 மார்ச் 3 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், அவ்வியந்திரங்களைப் பயன்படுத்தியது சாசனத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மோசடி நடந்ததாக நீதிமன்றம் கூறவில்லை. தேர்தல் முடிவையும் தள்ளிவிடவில்லை. வாக்கெடுப்பின் முக்கியமான படிகளைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்த்துக்கொள்ள இயல வேண்டும் என்பதே அது வகுத்த அளவுகோல். வல்லுநர் பார்த்துவிட்டார், நீ நம்பிக்கொள் என்பது அங்கே போதவில்லை. அயர்லாந்தோ, ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டுப் பெற்ற இயந்திரங்களைச் சோதனைக்கு மேல் பயன்படுத்தாமலே 2012-இல் பழைய இரும்பாக விற்றுவிட்டது.

நம் இயந்திரம் வேறு என்று உடனே பதில் வரும். உண்மைதான். அது எந்த வலைப்பின்னலோடும் இணைக்கப்படாதது. நிமிடத்திற்கு நான்கு வாக்குகளுக்கு மேல் பதியாதாகையால், சாவடியைக் கைப்பற்றி ஒரே மூச்சில் சீட்டுகளில் முத்திரை குத்தித் தள்ளிய பழைய அட்டூழியத்திற்கு அது கடிவாளமிட்டது. செல்லாத வாக்குகளையும் ஒழித்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அதனை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர், நாம் சுஜாதா என்று அறிந்த ரங்கராஜன் என்பதில் தமிழர்க்கு ஒரு பெருமிதமும் உண்டு. இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் 2010-இல் ஐதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரிப் ஆகியோர் ஓர் இயந்திரத்தைத் திறந்து ஆராய்ந்தனர். அதனைக் கையில் பெறுகிறவர் உள்ளுறுப்பொன்றை மாற்றி முடிவைத் திரிக்க இயலும் என்று காட்டினர். உறுப்பை மாற்றும் அளவுக்கு எவரையும் நெருங்கவிடமாட்டோம் என்றது தேர்தல் ஆணையம். அப்படியானால் பாதுகாப்பு இயந்திரத்தில் இல்லை. பூட்டிலும் முத்திரையிலும் காவலரிடத்திலும் இருக்கிறது. ஆய்வுக்குப் பயன்பட்ட இயந்திரம் களவு போனது என்ற வழக்கில் அவ்வாண்டே ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். களவு போகக்கூடியது என்றால், ஆணையத்தின் பதில் என்னாவது?

இந்நிலையில்தான் ஒப்புகைச் சீட்டு வந்தது. அதனை அறிமுகப்படுத்துமாறு 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பணித்தது; 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் அது இடம்பெற்றது. பொத்தானை அழுத்தியதும் சின்னம் அச்சிட்ட சிறு சீட்டு கண்ணாடிக்குப் பின்னே ஏழு வினாடி தோன்றி, பெட்டிக்குள் விழுகிறது. கற்றவரும் கல்லாதவரும் கண்ணால் கண்டு உறுதிசெய்யக்கூடிய ஒரே சான்று இதுதான். அந்தச் சான்றை நாம் என்ன செய்கிறோம்? பெட்டியில் விழ விட்டுப் பூட்டி வைக்கிறோம். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளின் சீட்டுகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. 2024-இல் தமிழகத்தில் இருந்த ஏறத்தாழ 68,000 சாவடிகளுள் 234 பகுதிகளிலும் ஐந்தைந்தாக எண்ணப்பட்டவை 1,170. நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. அதே தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியின் முடிவு 48 வாக்குகளில் அமைந்தது. 2021-இல் சென்னைத் தியாகராய நகரின் முடிவு 137 வாக்குகளில் அமைந்தது.

எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற மன்றாட்டை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சின்னங்களை ஏற்றும் கருவியை முத்திரையிட்டு 45 நாள்கள் காக்கவும், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் கேட்டால் நூற்றுக்கு ஐந்து இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கவும் வழி செய்தது. நீதிமன்றத்தை மதிக்கிறோம், ஆயினும் மனம் ஒப்பவில்லை. நினைவகச் சோதனை மீண்டும் பொறியாளரின் கையில்தானே இருக்கிறது? அதுவரை எண்ணப்பட்ட சீட்டுகளில் ஏறத்தாழ எல்லாம் பொருந்தின, பொருந்தாத இடத்தில் மாதிரி வாக்குப்பதிவை அழிக்க மறந்ததே காரணம் என்று அங்கே கூறப்பட்டது. நல்லது. அந்த மறதியைக் கண்டுபிடித்தது எது? தாள்தான்! எண்ணப்படாத சாவடிகளில் அத்தகைய மறதிகள் எத்தனை என்பதை எவர் அறிவார்? அரியானாவின் பானிப்பட் மாவட்டத்து ஊராட்சித் தலைவர் தேர்தலொன்றில், 2022-இல் அறிவிக்கப்பட்ட முடிவு உச்ச நீதிமன்றத்தின் கண்முன் மீண்டும் எண்ணியதும் 2025-இல் தலைகீழானது. அங்கே இயந்திரம் பொய் சொல்லவில்லை. மீண்டும் எண்ணியதால் உண்மை வெளிவந்தது, அவ்வளவே.

எல்லாவற்றையும் எண்ணினால் சில நாள்கள் தாமதமாகும் என்கின்றனர். 2024-இல் தமிழகம் ஏப்ரல் 19-இல் வாக்களித்தது. எண்ணப்பட்டது சூன் 4-இல். இடையில் 46 நாள்கள். நாடு முழுவதும் ஏழு கட்டமாக வாக்களித்து முடிக்கும்வரை பொறுமையோடு காத்திருந்த நமக்கு, எண்ணி முடிக்க மேலும் மூன்று நாள் பொறுக்க இயலாதா? தொலைக்காட்சிக்கு அவசரம் இருக்கலாம். நாட்டுக்கு என்ன அவசரம்?

தாளும் கண்ணும் பழைமைவாதம் என்று நகைப்போர் உரோமையைச் சற்று நோக்கட்டும். 2025 மே மாதம் 133 கர்தினால்மார் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கூடித் திருத்தந்தை பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டாம் யோவான் பவுல் 1996-இல் வெளியிட்ட ஒழுங்குமுறையே அங்கு அடிப்படை. ஒவ்வொருவரும் மடித்த சீட்டைப் பிறர் காண உயர்த்திப் பிடித்தவாறு பீடத்தை அணுகுகிறார். திறக்குமுன் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. வாக்காளர் தொகையோடு பொருந்தாவிட்டால் அனைத்தையும் எரித்துவிட்டு மீண்டும் வாக்களிக்க வேண்டும். ஆய்வாளர் மூவருள் இருவர் பெயரைத் தமக்குள் படிக்க, மூன்றாமவர் உரக்கப் படித்து, சீட்டை ஊசியால் துளைத்து நூலில் கோக்கிறார். பிறகு, சீட்டுப் போட்டுத் தேர்ந்த வேறு மூவர் அனைத்தையும் மீண்டும் சரிபார்க்கின்றனர். தூய ஆவியின் துணையை மன்றாடிவிட்டு அமர்ந்தவர்கள் அவர்கள்! ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைப்பவர்கள். அவர்கள் நடுவே இத்தனை சரிபார்ப்பு ஏன் என்று எவரும் மனம் வருந்துவதில்லை. நம் பங்குப் பேரவைத் தேர்தலில்கூடச் சீட்டைப் பிரித்து எல்லாரும் கேட்கப் படிக்கிறோம்.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கிறது. அது வாக்களிப்பன்று, திருவுளச் சீட்டுதான். ஆயினும் இளையோரும் முதியோரும் கூடிய சபையில், முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிக்கிறார். ஒன்றுமறியாச் சிறுவன் ஓலையை எடுக்கிறான். பெறுகிறவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதனை வாங்கி உரக்கப் படிக்க, ஏனையோரும் படிக்கின்றனர். கையை மூடினால் ஓலை மாறிவிடக்கூடும் என்று அக்காலத்தவர் ஐயுற்றனர். ஐயுற்றதை வெட்கமின்றிக் கல்லிலும் வெட்டி வைத்தனர். அது அந்தணர் சபை, நிலமுடையோர்க்கே இடமளித்தது, நம் முன்னோருள் பலர்க்கு அதன் அருகே நிற்கவும் உரிமை இருந்திராது என்பதை மறக்க வேண்டியதில்லை. அவர்கள் தமக்காக விரித்து வைத்த ஐந்து விரலை நாம் எல்லார்க்காகவும் கேட்கிறோம்.

ஆனால் இன்று கேட்கிறவர் நாட்டின் மதிப்பைக் குலைப்பவர் எனப்படுகிறார். தாம் அழுத்திய சின்னம் ஒன்று, சீட்டில் கண்டது வேறொன்று என ஒருவர் சாவடியிலேயே முறையிட்டால் என்ன நிகழ்கிறது? தேர்தல் விதி 49எம்ஏ-இன்படி அவர் எழுத்தில் உறுதிமொழி தந்து, அலுவலர் முன்னிலையில் மீண்டும் ஒரு சோதனை வாக்கு அளிக்க வேண்டும். அம்முறை இயந்திரம் சரியாக அச்சிட்டால் முறையிட்டவர் பொய்யராகி, சிறைத்தண்டனைக்குரியவராகிறார். ஒருமுறை பிழைத்தது மறுமுறையும் பிழைத்தே தீர வேண்டுமாம்! தோமாவின் ஐயத்திற்கு ஆண்டவர் வழக்குத் தொடுக்கவில்லை. காயங்களைக் காட்டி, விரலை இட்டுப் பார்க்கச் சொன்னார். மயிலையில் அந்தத் தோமாவின் கல்லறையைப் போற்றும் நாம் ஐயம் கேட்பதற்கு அஞ்ச வேண்டுமா?

நம்மவர் செய்யக்கூடியவை சில உண்டு. நம் பள்ளிகள் பல வாக்குச்சாவடிகள் ஆகின்றன. நம் ஆசிரியர்களும் அருள்சகோதரியரும் தேர்தல் அலுவலர்களாகச் செல்கின்றனர். மாதிரி வாக்குப்பதிவை முகவர்களின் கண்முன் நடத்தி, அதனை அழித்ததையும் அவர்கள் கண்முன்னே காட்டுவது அவர்கள் கையில் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தின் படியை ஒவ்வொரு முகவருக்கும் தர வேண்டும் என்பது விதி. களைப்பின் பெயரால் அதனை விட்டுவிடலாகாது. நம் இளைஞர் எக்கட்சியின் முகவராகச் சென்றாலும் அப்படிவத்தைப் பெறாமல் சாவடியை விட்டு வெளியேறலாகாது. எண்ணும் நாளில் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேசையின் முன் நிற்க வேண்டும். ஒப்புகைச் சீட்டுகள் அனைத்தையும் எண்ணுமாறு ஒவ்வொரு பங்கிலிருந்தும் தேர்தல் ஆணையத்திற்கு விண்ணப்பம் செல்லட்டும். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம் சாலையும் குடிநீரும் கேட்கும்போது இதனையும் சேர்த்துக் கேட்போம்; அவர் வென்ற பின்னர் இதே கோரிக்கையோடு அவர் வீட்டு வாயிலுக்கும் செல்வோம்.