பட்டியலில் இல்லாத சாப்பாடு

போன சனிக்கிழமை மலாக்காவுக்குச் சாப்பிடப் போனோம். சுற்றிப் பார்க்க இல்லை, சாப்பிட. கோட்டை வாசலையும் சிவப்புக் கட்டடத்தையும் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்தச் சுற்றுலாவில் எங்களுக்குக் கிடைத்தது, கோலாலம்பூரிலிருந்தே பொட்டலம் கட்டி எடுத்துப்போன ஆறிய மீகூன். மலாக்காவுக்குப் போய் மலாக்காவைச் சாப்பிடாமல் திரும்பிய அந்தக் கடன் இருபது வருடமாக அப்படியே கிடந்தது.

நாங்கள் மூன்று பேர், கல்லூரித் தோழிகள். பெயரைப் போட்டால் அடுத்த வாரம் இந்தப் பத்தியை எழுத ஆள் இருக்காது என்று மிரட்டல் வந்திருப்பதால் பட்டப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். எல்லாரையும் அதட்டி நடத்துகிறவள் கங்காணி. ஐந்து காசுகூட விடாமல் கணக்கெழுதுகிறவள் கிராணி. எனக்கும் ஒரு பெயர் உண்டு, அது உங்களுக்கு வேண்டாம். நான்காவதாகக் கங்காணியின் மகள் வந்தாள். எட்டு வயது.

மேலே போவதற்கு முன் ஒரு பழைய விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். கங்காணி இந்த மகளைச் சீனப்பள்ளியில் போடப் போகிறேன் என்று சொன்னபோது, நான் காலை நிகழ்ச்சியில் தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்று வாரம் முழுக்க முழங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சூட்டோடு தொலைபேசியில், "நாளைக்கு உங்கம்மா பேசறதே உன் பிள்ளைக்குப் புரியாது பாரு" என்று சொல்லிவிட்டேன். "உனக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் வந்து பேசு" என்றாள் அவள். அதோடு சரி. இரண்டு வருடமாகத் தீபாவளி வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, அதுவும் கடையில் வாங்கிய அட்டை மாதிரி. மூன்று பேர் இருந்த புலனக் குழுவில் கிராணி மட்டும் தனியாகச் சமையல் படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மலாக்காத் திட்டமும் அவளுடையதுதான். சாப்பாடு என்றால் இரண்டு பேருமே மறுக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிற எனக்கு அது ஒன்றும் பெரிதில்லை. கங்காணி ஒன்பது அயிட்டம் உள்ள பட்டியலை நேரம் குறித்துக் கொண்டுவந்திருந்தாள். கோழிச்சோற்று உருண்டை, நியோன்யா லக்சா, பைத்தீ, செண்டோல், ஆசாம் பெடாஸ், சத்தே செலுப், போர்த்துகீசியர் குடியிருப்பில் சுட்ட மீன் என்று நீண்டுகொண்டே போனது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஆயர் குரோ டோல் வரும்வரை முன் இருக்கையில் அவளும் பின் இருக்கையில் நானும் கிராணி மூலமாகத்தான் பேசினோம். "ஏர்கண்ட் கொஞ்சம் குறைக்கச் சொல்லு." "குறைச்சாச்சுன்னு சொல்லு." கிராணி காடி ஓட்டினாளா, மொழிபெயர்த்தாளா என்று தெரியவில்லை.

ஜோங்கர் வீதியில் கோழிச்சோற்றுக் கடை திறக்கும் முன்பே வரிசை. அவித்த ஹைனான் கோழி எல்லா ஊரிலும் கிடைக்கும். மலாக்காவில் சோற்றைக் கோழி எண்ணெய் மணக்கச் சமைத்து, சூடு ஆறுவதற்குள் கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டையாகப் பிடித்துத் தட்டில் அடுக்குகிறார்கள். அந்தக் காலத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போக வசதியாக இப்படிச் செய்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அது பாட்டி உருட்டிக் கையில் வைக்கும் சோறுதான். வரிசையில் எங்கள் முறை வந்தபோது எட்டு வயசு முன்னால் போய் மாண்டரினில் கடகடவென்று ஆர்டர் கொடுத்தது. கல்லாவில் இருந்த சீன அம்மாள் வாயெல்லாம் பல்லாகி, கன்னத்தைக் கிள்ளி, பத்து உருண்டைக்குப் பன்னிரண்டு கொடுத்தார். கங்காணி திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று அவள் முதுகிலேயே தெரிந்தது. நான் இலவச உருண்டை இரண்டில் ஒன்றைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த தெரு ஜாலான் துக்காங் எமாஸ், தட்டார் தெரு. மலாக்கா போகிறவர்கள் ஜோங்கரில் சாவிக்கொத்து வாங்குகிற நேரத்தில் பாதியை இங்கே செலவழிக்கலாம் என்பது என் கருத்து. 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில், சில எட்டு தள்ளி 1748-ஆம் ஆண்டுக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அப்படியே நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். கிளிங் என்ற சொல் இன்று நம்மை வைவதற்குப் பயன்படுவதால் காதில் குத்துகிறது. கலிங்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். அன்றைக்கு அது சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்த வணிகனைக் குறித்தது. சுல்தான்கள் காலத்தில் வணிகர்களைக் கவனிக்கத் துறைமுகத்தில் நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள். போர்த்துகீசியர் 1511-இல் ஊரைப் பிடித்ததற்குச் சற்றுப் பின்னால் இங்கே இருந்த தோமே பிரெஸ், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். எண்பத்து நாலு! நமக்கு இரண்டு மொழியில் தகராறு.

பிள்ளையார் கோயில் நிலத்தை டச்சு ஆட்சியில் பெற்றுத் தந்தவர் தைவநாயகம் செட்டி, மலாக்காச் செட்டி சமூகத்தின் தலைவர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. சுல்தான்கள் காலத்திலேயே வந்து, இந்த ஊர்ப் பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள். சைவர்கள். பொங்கல் வைப்பவர்கள். வீட்டில் பேசுவது மலாய்.

பட்டியலில் இல்லாத பத்தாவது அயிட்டம் அங்கேதான் காத்திருந்தது. கிராணியின் அலுவலகத்தில் வேலை செய்கிற ஒருவர் மலாக்காச் செட்டி. மலாக்கா வருகிறோம் என்றதும், கடையில் சாப்பிட்டது போதும், மதியம் என் பெரியம்மா வீட்டுக்குப் போங்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டாராம். கங்காணிக்குத் தன் கால அட்டவணை கெடுகிறதே என்று கோபம். "ஆசாம் பெடாஸ் என்ன ஆவறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

காஜா பேராங்கில் கம்போங் செட்டி. சின்னக் கம்பம்தான், மாரியம்மன் கோயில், ஓர் அருங்காட்சியகம், வீடுகள். சுற்றிலும் நகரம் உயர்ந்துகொண்டே வருகிறது. ஆன்டி எங்களைச் சாரோங், கெபாயாவில் வாசலில் நின்று வரவேற்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்னறையில் பிள்ளையார், முருகன், மாரியம்மன் படங்கள், விளக்கு, விபூதித் தட்டு. என் அத்தை வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. "வணக்கம் ஆன்டி, வீடு எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றேன் தமிழில். அவர் சிரித்தபடி, எல்லாரும் உட்காருங்கள் என்று மலாயில் சொன்னார்.

மதியச் சாப்பாட்டில் நாசி லெமாக், சம்பால் பெலாச்சான், வெள்ளரிக்காய், பெரிய சட்டியில் லாவுக் பிண்டாங். இது தேங்காய்ப்பால் சேர்த்த காரமான மீன் குழம்பு. முதல் வாயில் இது நம்ம வீட்டு மீன் குழம்பு என்று நாக்கு சொல்லும். இரண்டாவது வாயில் இல்லையே என்று சந்தேகப்படும். மூன்றாவது வாயில் நாக்குக்கே வாதம் செய்ய நேரம் இருக்காது. கங்காணி மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டாள். ஆசாம் பெடாஸ் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

சாப்பிட்டபடி ஆன்டி பார்ச்சு பற்றிச் சொன்னார். பொங்கலுக்கு முந்தின நாள், போகியன்று, செத்துப்போன பெரியவர்களுக்கு வாழையிலையில் படைப்பது. பழக்காலத்தில் இன்னொரு தரம் பழங்களோடு படைப்பதும் உண்டு. யாருக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருக்க வேண்டும். தன் மாமியாருக்கு உறைப்பு குறைந்தால் பிடிக்காது என்பதால் இன்றைக்கும் அந்த ஓர் இலைக்குத் தனியாகச் சம்பால் அரைக்கிறாராம். எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் படையலில் சுருட்டு வைப்போம். இரண்டு வருடமாக அம்மா படையல் சாப்பாட்டை கேட்டரிங்கில் சொல்லிவிடுகிறார். தாத்தா இன்னும் புகார் செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆன்டிக்குத் தமிழ் கொஞ்சம்கூட வராதா?" என்று மலாயில் கேட்டேன். வராது என்று தலையாட்டினார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "சாயாங் லா" என்று சேர்த்தேன். ஐயோ பாவம், வீணாகிவிட்டதே என்கிற மாதிரி.

ஆன்டிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். இங்கே வருகிற நம்ம ஆட்கள் எல்லாருமே இதைத்தான் சொல்கிறார்களாம், சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். "கோயிலில் பூசாரி அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறார். நான் எனக்குத் தெரிந்த மொழியில் வேண்டிக்கொள்கிறேன். மாரியம்மா என்னிடம் ஒரு நாளும் என்ன சொல்கிறாய் என்று கேட்டதில்லை." அவ்வளவுதான். பிறகு எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

எனக்கு மீன் இறங்கவில்லை. எதிரில் கங்காணி இருந்தாள். இந்தத் தடவை என்னை நேராகப் பார்த்தாள். ஜெயித்த பார்வையாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கண் கலங்கியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தொலைபேசியின் அந்தப் பக்கம் அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுக்களையில் எட்டு வயசு ஆன்டியோடு ஒட்டிக்கொண்டது. பாசிப்பயறை அவித்து, தேங்காய்ப்பூவும் குலா மலாக்காவும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரிக்கிற குவே கஸ்தூரி. கிழவியும் பிள்ளையும் மலாயில் ஓயாமல் கதை. நான் போய் எட்டிப் பார்த்தபோது எனக்கு வேறு ஒரு அடுக்களை ஞாபகம் வந்தது. தோட்டத்தில் என் பாட்டி இதையே சுழியம் என்று செய்வார், வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டி. அளவு எனக்குத் தெரியாது. அவர் தமிழில்தான் சொன்னார், எனக்கும் அப்போது நன்றாகவே தமிழ் புரிந்தது. நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆன்டி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பத்து குவே போட்டுக் கொடுத்தார். டின்னைத் திருப்பிக் கொடுக்கக் கட்டாயம் வர வேண்டுமாம். நல்ல தந்திரம்.

வெயில் மண்டையைப் பிளந்த மூன்று மணிக்கு மறுபடி ஜோங்கர் பக்கம், செண்டோலுக்காக. இதைப் பற்றி நீங்கள் அறியாதது ஒன்றும் இல்லை. ஆனால் தென்னம்பாளையைச் சீவி இறக்கிய சாற்றைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி எடுத்த உண்மையான குலா மலாக்கா, ஐஸ்மேல் கறுப்பாக வழிந்து இறங்குவதைப் பார்க்கவே ஒரு தரம் அங்கே போகலாம். அதில் லேசாக ஒரு புகை வாசம் இருக்கும். மற்ற ஊர்களில் நாம் குடிப்பது பெரும்பாலும் பழுப்புச் சீனித் தண்ணீர். கடைக்கு வெளியே ஹலோ கிட்டி பொம்மைகளைச் சுமந்த திரிஷாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, எல்லாம் ஒரே நேரத்தில். வானொலிக்காரிக்கு அது நரகம். லக்சா, பைத்தீ, சத்தே செலுப் எல்லாம் பட்டியலிலேயே இருந்துவிட்டன. வயிற்றில் இடமில்லை.

திரும்பும் வழியில் தெங்கேராவில் மட்டும் நிறுத்தினோம், புத்து பிரிங் வாங்க. சின்னக் குப்பி போன்ற அச்சில் அரிசி மாவு, நடுவில் குலா மலாக்கா, நிமிடக்கணக்கில் ஆவி, மேலே உப்புப் போட்ட தேங்காய்ப்பூ. சுடச்சுட வாயில் போட்டால் உள்ளே உருகிய வெல்லம் நாக்கைச் சுடும், பொறுக்க வேண்டும். நம் கடை இங்கே கெடாய் ஆனது, கப்பல் காப்பால் ஆனது, பெட்டி பெத்தி ஆனது. பிட்டு, புத்து ஆகித் தட்டில் ஏறிக்கொண்டது. இதை எல்லாம் பிள்ளைக்கு விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே ஒரு கடி கடித்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, "பாட்டி புட்டு" என்றாள். அப்புறம் ஆங்கிலத்தில், பாட்டியுடையதுதான் இதைவிட நல்லா இருக்கும் என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

சிரம்பான் ஓய்விடத்தில் காடியை நிறுத்தினோம். பிள்ளை தூங்கிவிட்டது. கிராணி கணக்கை முடித்து, ஆளுக்கு 58 வெள்ளி 40 காசு, பிள்ளைக்குப் பாதி என்று அறிவித்துவிட்டு, வேண்டுமென்றே கழிவறைக்குப் போனாள். நான் முன் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு உன்கிட்ட சொன்னது தப்புடி" என்றேன்.

கங்காணி கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் அந்தப் பயம் இருக்கு, தெரியுமா? அதனாலதான் அவ்வளவு கோபம்" என்றாள். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். "மூணு மிச்சம் இருக்கு. கிராணி வர்றதுக்குள்ள சாப்பிடறியா?"