திருப்பி அனுப்பப்பட்ட இசைத்தட்டு

ஒரு படைப்பு நன்றா தீதா என்று தீர்ப்புரைக்கும் உரிமை யாருக்கு உண்டு? படைத்தவனுக்கா, பணம் போட்டவனுக்கா, கேட்டு மகிழ்பவனுக்கா? இலக்கிய வகுப்பில் நாம் அடிக்கடி எழுப்பும் இக்கேள்விக்கு, அமெரிக்க ராக் இசை உலகில் சுவையானதொரு வழக்கே நடந்திருக்கிறது.

சிகாகோ நகரத்து வில்கோ என்னும் இசைக்குழு 1994-இல் தோன்றியது. நாட்டுப்புற மணம் கமழும் ராக் பாடல்களால் பெயர் பெற்ற குழு அது. அதன் நான்காவது தொகுப்பு ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’. பெயரே ஒரு புதிர்! கம்பியில்லாத் தந்தியில் எழுத்துகளைக் குழப்பமின்றிச் சொல்வதற்கென வகுத்த சொற்களுள் மூன்று அவை. சிற்றலை வானொலியில் எவருக்கென்றே தெரியாமல் எண்களையும் எழுத்துகளையும் ஓதிக்கொண்டிருந்த மர்ம நிலையங்களின் ஒலிப்பதிவிலிருந்து எடுத்த பெண்குரல் ஒன்று, ‘புவர் ப்ளேசஸ்’ என்ற பாடலின் முடிவில் இம்மூன்று சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

தொகுப்பு முழுவதும் இப்படித்தான். மெட்டு எளிமையானது, ஒருமுறை கேட்டால் முணுமுணுக்கலாம். ஆனால் அதைச் சுற்றி இரைச்சல், கரகரப்பு, திசை தெரியாத மணியோசை. ஜிம் ஓ'ரூர்க் என்னும் இசைக்கலைஞர் ஒலிக்கலவையில் பலவற்றைக் களைந்து, சிலவற்றை மட்டும் நிற்க வைத்தார். இதனை வெறும் புதுமை மோகம் என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மனத்தில் உள்ளதை எதிரில் இருப்பவரிடம் சொல்ல முடியாத தவிப்பே இப்பாடல்களின் பொருள். அந்நிலையில் இரைச்சல் அலங்காரம் ஆகுமா? அதுவே பாட்டின் பொருளன்றோ!

ஆனால் 2001-இல் ரிப்ரைஸ் நிறுவனம் இத்தொகுப்பை ஏற்க மறுத்துவிட்டது. கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று 1960-இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா தொடங்கிய நிறுவனம் அது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதன் தாய் நிறுவனமான டைம் வார்னர், ஏ.ஓ.எல். நிறுவனத்தோடு அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் இணைந்திருந்தது. கணக்குப் புத்தகத்தின் கை ஓங்கியிருந்த காலம். ஒலிப்பதிவின் உரிமையோடு வெளியேறிய குழுவினர், 2001 செப்டம்பரில் தம் இணையதளத்திலேயே பாடல்களை எவரும் இலவசமாகக் கேட்க விட்டனர். இலவசமாகக் கேட்டவன் காசு கொடுத்து வாங்குவானா என்று வணிகர் கேட்பர். வாங்கினான்! 2002 ஏப்ரல் 23-இல் நான்சச் நிறுவனம் வெளியிட்டதும், முதல் வாரத்திலேயே 55,000-க்கும் மேல் விற்று, பில்போர்டு பட்டியலில் 13-ஆம் இடத்தைப் பிடித்தது. பின்னர் விற்பனை 5 லட்சத்தையும் தாண்டியது. இதில் வேடிக்கை என்னவெனில், நான்சச்சும் அதே வார்னர் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரே பை ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு அவிழ்த்தது!

விமர்சகர்கள் கொண்டாடினர். பிட்ச்ஃபோர்க் இதழ் பத்துக்குப் பத்து மதிப்பெண் அளித்தது. வில்லேஜ் வாய்ஸ் இதழ் நடத்திய 2002-ஆம் ஆண்டு விமர்சகர் வாக்கெடுப்பில் இதற்கே முதலிடம். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த காலமாதலால், உயர்ந்த கட்டடங்கள் நடுங்குவதைப் பற்றிய வரியிலும், உறையில் இருந்த சிகாகோவின் இரட்டைக் கட்டடங்களிலும் மக்கள் தம் துயரத்தைக் கண்டனர். பாடல்களோ அதற்கு முன்பே எழுதிப் பதிவானவை. எழுதியவன் எண்ணாத பொருளைக் கேட்பவன் காண்பது குற்றமன்று. ஆனால் அதைக் கொண்டே ஒரு தொகுப்பின் உயரத்தை அளப்பது எனக்கு உடன்பாடில்லை.

நிறுவனம் வில்லன், கலைஞன் நாயகன் என்ற கதை நம் நெஞ்சுக்கு இதமானது. ‘ஐ ஆம் டிரையிங் டு பிரேக் யுவர் ஹார்ட்’ என்ற ஆவணப் படமும் 2002-இல் வந்து அக்கதையைப் பரப்பியது. ஆனால் அதே படத்தில் வேறொன்றும் தெரிகிறது. ஜே பென்னெட் என்பவர் ஜெஃப் ட்வீடியுடன் சேர்ந்து இத்தொகுப்பின் பாதிக்கும் மேற்பட்ட பாடல்களை உருவாக்கியவர். பணி முடிந்த நிலையில் 2001-இல் அவரைக் குழுவிலிருந்து விலக்கினர். பெரிய நிறுவனம் சிறிய குழுவைத் தள்ளியது அநீதி என்று முழங்கியவர்களுள் எத்தனை பேர், அக்குழு தன்னுள் ஒருவரைத் தள்ளியதைப் பற்றி எண்ணினர்? இருவர் இணைந்து பணிசெய்ய முடியாமற்போவது இயல்பே. பிரிவுக்கு ட்வீடியை மட்டும் குறைகூற நான் வரவில்லை. பாராட்டு வந்தபோது பங்கு பிரிக்காததுதான் உறுத்துகிறது. பென்னெட் 2009-இல் காலமானார்.

2022-இல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு வெளியாகி, அடுத்த ஆண்டு கிராமி விருதும் பெற்றது. பாடல்களின் முந்தைய வடிவங்கள் பல அதில் இருக்கின்றன. இசையில் நாட்டமுள்ள நண்பர்கள் பழைய தொகுப்பை முதலில் கேட்டுவிட்டு, பிறகு இவற்றைக் கேட்கட்டும். களைந்து எறியப்பட்ட வாத்தியங்கள் எவ்வளவு என்பது அப்போது தெரியும்.