சாம்பல் இல்லாத கிண்ணங்கள்

கடந்த தவக்காலத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர், அருப்புக்கோட்டையில் ஒரு புதுமனை மந்திரிப்புக்கு அழைக்கப்பட்டிருந்தோம். செபங்கள் முடிந்து, ஒவ்வோர் அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தபோது, கண்ணாடி அலமாரி ஒன்று நம்மை நிறுத்தியது. பித்தளை, பீங்கான், எனாமல், கருநிறத்தில் வெள்ளிக் கம்பி பதித்த பிதரி வேலை எனப் பதினொரு சாம்பல் கிண்ணங்கள் உள்விளக்கின் ஒளியில் மின்னிக்கொண்டிருந்தன.

“காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்கினது ஃபாதர். எல்லாம் பழைய வீட்டுச் சாமான். நாங்க யாரும் சிகரெட்டைத் தொடுறதில்ல, அழகுக்குத்தான்” என்றார் வீட்டுக்காரர். நல்லவர், உழைத்து உயர்ந்தவர். நாம் பாராட்ட வாயெடுக்குமுன், மூலையில் அமர்ந்திருந்த அவருடைய தாயார் மெல்லச் சொன்னார்: “இவுக அப்பாவுக்குக் கொட்டாங்குச்சிதான் சாமி.”

திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அருப்புக்கோட்டைக்குத் தறி நெய்ய வந்த மனிதர் அவர். தறிக்குழிக்கு அருகே ஒரு கொட்டாங்குச்சி. அதில் பீடித் துண்டுகள். ஐம்பது வயதைக் காணாமல் இருமி இருமி இறந்தார். பதினொரு கிண்ணங்கள் இருந்த அந்த அலமாரியில் அந்தக் கொட்டாங்குச்சிக்கு இடமில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

பழம்பொருளைப் பேணுவதை நாம் பழிக்கவில்லை. முன்னோர் புழங்கிய பொருளைத் தொடும்போது அவர்களையே தொடுகிறோம் என்னும் உணர்வு உயர்ந்தது. புனிதர்களின் எலும்புத் துணுக்கையும் ஆடைக் கிழிசலையும் போற்றிக் காக்கும் திருச்சபை அதை மறுக்க இயலாது. ஆனால், திருப்பண்டத்தோடு ஒரு பெயரும் ஒரு வரலாறும் சேர்ந்தே வருகின்றன. அவை இல்லையேல் அது வெறும் எலும்பு. இன்று நம் வரவேற்பறைகளுக்கு வரும் சாம்பல் கிண்ணங்களோ, பெயரும் வரலாறும் துடைக்கப்பட்டு, பளபளப்பு மட்டும் எஞ்சியவையாய் வருகின்றன. நம் வழக்கு இந்தத் துடைப்பின் மீதுதான்.

“இது கலை அன்றோ?” என்பார் உளர். ஆம், கலைதான். 1967-இல் ஏர் இந்தியா நிறுவனம், ஓவியர் சால்வடார் டாலியைக் கொண்டு ஒரு சாம்பல் கிண்ணத்தையே வடிவமைத்தது. யானையின் நிழல் அன்னமாகவும், அன்னத்தின் நிழல் யானையாகவும் தோன்றும் பீங்கான் கிண்ணம் அது. கூலியாக ஓவியர் கேட்டது ஒரு யானைக்குட்டி. அதுவும் பெங்களூரிலிருந்து விமானத்தில் அனுப்பப்பட்டது. சுமார் 500 மட்டுமே செய்யப்பட்ட அக்கிண்ணத்தைச் சேகரிப்போர் இன்று பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர். அதன் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஓர் ஓவியனின் கைவண்ணமும் ஓர் உயிரின் விலையும் செலுத்தப்பட்டது, ஒருவர் சாம்பல் தட்டுவதற்காக என்பதை மறக்கச் செய்யும் அழகு, ஐயத்துக்குரிய அழகே.

“பயன் மாறிவிட்டதே! இப்போது சாவியும் சில்லறையும்தானே போடுகிறோம்?” என்பது அடுத்த வாதம். முதல் உலகப் போரில் வெடித்துத் தீர்ந்த பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகளை வெட்டிப் படைவீரர்கள் சாம்பல் கிண்ணங்கள் செய்தனர். அவையும் இன்று அரும்பொருட்கள். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை இறைவாக்கினர் எசாயா கண்டார். அந்தக் காட்சியில் வாள் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. எதிலிருந்து எதுவாக மாறியது என்பது வெளிப்படையாக நிற்கிறது. அவ்வாறு நிற்பதே மனமாற்றம். முன்பு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாமல் மாறுவது வெறும் வேடமாற்றம்.

இக்கிண்ணம் எதைச் சொல்ல வேண்டும்? நம் வறண்ட சீமையையே சொல்ல வேண்டும். மழை பொய்த்த இம்மண்ணுக்குப் பிழைப்பாக வந்தது தீப்பெட்டி. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய அத்தொழில் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தது. எனினும், அந்தப் பெட்டிகளை ஒட்டிய விரல்களில் பல, பள்ளியில் எழுதுகோல் பிடித்திருக்க வேண்டிய விரல்கள். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் உழைத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததை நாம் அறிவோம். சிகரெட்டின் முனையில் நெருப்பை வைத்தது அந்தத் தீக்குச்சியே. நெல்லைச் சீமையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் முதுகு வலியும் அந்தச் சாம்பலில் உண்டு. புகையிலை இந்தியாவில் ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்கிறது. பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்து 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், அங்கே சாம்பல் கிண்ணம் வைக்கவும் கூடாது என்றன. சட்டம் வாசல் வழியாக வெளியேற்றிய பொருள், அரும்பொருள் என்னும் பெயரோடு சாளரம் வழியாக நம் வீட்டுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

பிறரைக் குற்றஞ்சாட்டும் விரல் நம்மை நோக்கியும் திரும்ப வேண்டும். 1642-இல் செவில் மறைமாவட்டக் கோயில்களில் புகையிலையைத் தடை செய்தவர் திருத்தந்தை எட்டாம் உர்பான்; 1863-இல் உரோமையில் புகையிலை ஆலையே கட்டியவர் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ். திருத்தந்தை பிரான்சிசின் ஆணையால் வத்திக்கானில் சிகரெட் விற்பனை நின்றது 2018-இல்தான். நம் கதையும் வேறன்று. குருப்பட்டம் பெற்ற புதிதில் நம் மேசையிலும் ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது. நாள்தோறும் அதைக் கொட்டி, சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கி, பொன்போல் மின்னச் செய்து திரும்ப வைத்தவர் பங்கு இல்லத்தில் சமைத்த மூதாட்டி. ஆறு ஆண்டுகளில் ஒரு நாளேனும் நாமே அதைக் கழுவியதில்லை. ஏழைகள் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவ வேண்டும் என்று பெரிய வியாழனில் மறையுரை ஆற்றியவரும் நாமே.

அன்று நாம் அறியாததை இன்று அறிகிறோம். சாம்பல் கிண்ணம் என்பது, தன் சாம்பலைத் தானே அள்ளாதவனுக்காகச் செய்யப்பட்ட பொருள். தட்டியவர் ஒருவர், கொட்டியவர் இன்னொருவர். கொட்டாங்குச்சிக்காரரோ தம் சாம்பலைத் தாமே குப்பைமேட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வேறுபாட்டை அலமாரியின் விளக்கு காட்டுவதில்லை.

ஆண்டுக்கொருமுறை, திருநீற்றுப் புதனன்று, குருவும் ஒரு சாம்பல் கிண்ணத்தைக் கையில் ஏந்துகிறார். சென்ற ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பல் அது. புகழ்ந்து அசைத்த பச்சை ஓலை எதுவாயிற்று என்பதைத் திருச்சபை மறைப்பதில்லை. அள்ளி நம் நெற்றியிலேயே பூசுகிறது. அந்தக் கிண்ணம் பெரும்பாலும் சாதாரண எவர்சில்வர் தட்டுதான். ஆயினும் அதில் சாம்பல் இருக்கிறது. நாம் மண் என்னும் உண்மை இருக்கிறது.

ஆகவே அன்பர்களே, அலமாரியை உடைக்கச் சொல்லவில்லை. வாங்கிய கிண்ணங்கள் இருக்கட்டும். ஆனால், வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளை “இது என்ன?” என்று கேட்டால், “அழகுச் சாமான்” என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். யார் புகைத்தார், யார் துலக்கினார், யார் இருமி இறந்தார் என்று சொல்லுங்கள். முடிந்தால், அவற்றின் நடுவே ஒரு கொட்டாங்குச்சியையும் வையுங்கள்.

பிதரிக் கிண்ணத்தைவிட அதை விலைக்கு வாங்குவது எளிது. விருந்தினர்முன் வைப்பதுதான் கடினம். அந்தத் துணிவை இத்தவக்காலத்தின் ஒறுத்தலாக ஏற்போமா?