கதிரவனை அடைக்கும் சுவர்

தம்பி!

கதிரவனைக் கைப்பற்றிக் கலத்திலே அடைக்கப் போகிறார்களாம்! புகை இல்லை, சாம்பல் இல்லை, காலமெல்லாம் காவல் காக்க வேண்டிய கழிவும் இல்லை என்கிறார்கள். இனிப்பான செய்திதான். ஆனால், இனிப்பென்றதும் விழுங்கிவிடுபவனா நீ? மென்று பார்ப்பவனல்லவா!

அணுவைப் பிளப்பது ஒரு முறை. இணைப்பது மற்றொரு முறை. டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைந்தால் ஹீலியம் பிறக்கிறது. அது சாது! உடன்பிறக்கும் நியூட்ரானோ, விளையும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கைச் சுமந்துகொண்டு வெளியே பாய்கிறது. நெருப்பைக் கட்டிப்போடும் காந்தம், மின்னூட்டமற்ற நியூட்ரானைக் கட்டாது. அது சுவரைத் துளைக்கிறது. உலோகத்தின் அணுக்களை இடம்பெயர்க்கிறது. உலோகத்தையே கதிர்வீசும் பொருளாக்குகிறது.

ஆகவே தம்பி, நீண்டநாள் கழிவு சுவரிலே பிறக்கிறது! எந்த உலோகத்தால் கட்டினார்கள் என்பதே கேள்வி. எஃகின் உறுதிக்குச் சேர்க்கப்படும் நியோபியம், நியோபியம்-94 ஆக மாறினால், பாதி குறையவே சுமார் 20,000 ஆண்டு! நிக்கல்-59க்கு அதனினும் அதிகம். மாலிப்டினமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

விஞ்ஞானிகள் அயர்ந்துவிடவில்லை. இம்மூன்றையும் விலக்கி, டங்ஸ்டனும் டாண்டலமும் சேர்த்துப் புதிய எஃகு வடித்தனர். ஐரோப்பாவில் யூரோஃபர், ஜப்பானில் எஃப்82எச். இந்தியாவின் எஃகை உருவாக்கியதில் நம் கல்பாக்கத்து ஆராய்ச்சி மையத்துக்கும் பங்குண்டு. நூறாண்டு அளவில் கதிர்வீச்சு தணிந்து, மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம் என்பது குறிக்கோள். குறிக்கோள் என்றேன் தம்பி, சாதனை என்றேனில்லை! பத்து இலட்சத்தில் சில பங்கு நியோபியம் மாசாக ஒட்டிக்கொண்டாலும் கணக்குக் கெடும்.

பிரான்சில் எழும் ஈட்டர் உலையைப் பார். உட்சுவருக்குப் பெரிலியம் என்றிருந்தவர்கள், 2023இல் டங்ஸ்டனுக்கு மாற முற்பட்டனர். பெரிலியத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு என்பதும் அதற்கொரு காரணம். கட்டுவோரே கவலைப்படும்போது, கைதட்டுவோர் கண்மூடிக் கிடக்கலாமா?

பிளக்கும் உலையின் கழிவோடு ஒப்பிட்டால் இச்சுமை இலேசானது, மறுக்கவில்லை. இந்த முயற்சியை எதிர்க்கவும் சொல்லவில்லை. கேள்வி கேட்கச் சொல்கிறேன். "சுவர் எந்த உலோகம்? அதிலே மாசு எவ்வளவு? நூறாண்டுக் காவலுக்கு யார் பொறுப்பு? செலவு யாருடையது?" என்று கேள். விளக்கேற்றுபவர் நாமாக இருக்கலாம். சுவரைச் சுமக்கப் போகிறவன் நம் பேரன்! அவன் சார்பிலே இன்றே கேட்க வேண்டியவன் நீ.