இரண்டு மாலைகளும் ஒரு பூச்சுவரும்

வங்காளிகள் பௌஷ் மாதத்தில் திருமணம் நடத்துவதில்லை. ஆகவே அதற்கு முன்னும் பின்னுமுள்ள அக்ரகாயண், மாக் மாதங்களின் நன்னாள்களில் கொல்கத்தாவின் மல்லிக் காட் பூச்சந்தையில் தேவை குவிகிறது. ரஜனிகந்தா எனப்படும் சம்பங்கியின் விளைச்சல் குறைவதும் அதே குளிர்காலத்தில்தான். மணமேடை முழுவதையும் அப்பூவால் நிரப்ப முனையும் எளிய குடும்பம், ஓரிரவில் வாடிவிடும் பொருளுக்காகக் கடன்படுகிறது.

சிக்கனம் என்பது பூவைக் குறைப்பதன்று. எந்தப் பூ எவ்விடத்திற்கு எனப் பகுப்பதாகும். மணமாலைக்குச் சம்பங்கி, பந்தலுக்குக் குளிர்காலத்தில் மிகுந்து மலரும் செண்டுமல்லியும் மாவிலையும். எஞ்சிய அலங்காரத்திற்கு நெட்டி உண்டு. மணமகனின் டோபர் என்னும் கூம்புத் தொப்பியும் மணமகளின் மகுடமும் நெட்டியால் ஆனவையே. மாலாகார் கைவினைஞர் அதில் பூக்களும் செய்கின்றனர். அவை வாடா, முன்கூட்டியே வாங்கலாம், முகூர்த்த நாளின் விலையேற்றம் அவற்றைத் தொடாது.

இவ்வாறு செய்வதை வறுமையின் அடையாளமாகக் கருதுவோர் உளர். ஆனால் மாலை மாற்றும் சடங்கு கேட்பது இரண்டு மாலைகளை. மேடைக்குப் பின்னால் பூச்சுவரைக் கேட்பது ஒளிப்படம். படத்துக்காகப் பட்ட கடனைப் பெரும்பாலும் அடைப்பவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள்.