கிணறும் ஒரு முதல்தான்

யாழ்ப்பாணத்தில் கடைக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ காணி வாங்கும் எமது வியாபாரிகள் உறுதியைப் பார்ப்பார்கள், தெருமுகப்பைப் பார்ப்பார்கள், மின்சார இணைப்பை விசாரிப்பார்கள். கிணற்றை மாத்திரம் எட்டிப் பார்த்து, 'தண்ணி கிடக்கு' என்று சொல்லித் திரும்பி விடுவார்கள். அந்தத் தண்ணீரின் கணக்கைக் கேட்பவர் மிகக் குறைவு.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையே எமது பிரதான வரவு. அது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக இறங்கி, கீழே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீருக்குப் பாரம் குறைவு என்பதால் இது நடக்கிறது. ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் நூறு வருடங்களுக்கு முன்பே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இதைச் செலவுப் பக்கத்திலிருந்து பாருங்கள்: மேலே 1 அடி நிரந்தரமாகக் குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். இப்படி ஒரு வட்டிக்கு எந்த வியாபாரியாவது கடன் வாங்குவாரா?

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. மோட்டர் களைப்பதில்லை. கிணறு வற்றினால் குழாய்க்கிணறு அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் ஆழத்துக்குப் போகிறார்கள், அங்கே இருப்பது உப்பு. ஓரிடத்தில் வேகமாக இறைத்தால் அந்த இடத்துக்கு நேர்கீழே உவர்நீர் கூம்பாக எழும்பும். பிறகு பக்கத்துக் காணிக்காரரின் கிணறும் சவராகி விடும். வேலி மண்ணுக்கு மேலேதான் இருக்கிறது.

அடுத்தது நைத்திரேற்று. வலிகாமத்துத் தோட்டங்களில் போடும் பசளையும், நகரத்தில் நெருக்கமாக உள்ள மலக்குழிகளும் அதே வெடிப்புகளால் இறங்குகின்றன. 1990 இல் வெளியேற்றப்பட்டு, பின்னர் சோனகத்தெருவுக்குத் திரும்பி வந்த எமது மக்கள் சிறு காணிகளில் வீடு கட்டும்போது இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் பால்குடிக் குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். போகாது, நீர் ஆவியாவதால் செறிவு இன்னும் கூடும். சாப்பாட்டுக் கடை, பேக்கரி, ஐஸ் தொழில் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுன்னாகத்தை நாம் மறக்க முடியாது. மின்நிலையத்தின் கழிவு எண்ணெயால் கிணறுகள் மாசடைந்தது தொடர்பாக 2015 இல் தாக்கலான வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தத் தனியார் மின் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டும்படி உத்தரவிட்டது. தீர்ப்பு வர நான்கு வருடங்கள் சென்றன. அந்த நான்கு வருடமும் அங்கே கடை நடத்தியவர் தண்ணீருக்கு என்ன செய்திருப்பார்?

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. நல்ல விடயம்தான். ஆனால் அது மின்சாரம் குடிக்கும் தண்ணீர், அந்தச் செலவை யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் வருகிறது என்று கிணற்றைக் குப்பைக் குழியாக்குவது, கையிலிருக்கும் முதலைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம்.

வர்த்தக சங்கங்கள் விளக்குக் கம்பத்துக்கும் வரவேற்பு வளைவுக்கும் பணம் சேர்க்கின்றன. அதில் ஒரு பங்கை எடுத்து, கடைத்தெருக் கிணறுகளை வருடத்துக்கு இரண்டு தடவை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம். கோடை முடியும் புரட்டாதியில் உவர்ப்புக்காக ஒன்று, மாரி கழிந்த தையில் நைத்திரேற்றுக்கும் கிருமிக்குமாக ஒன்று. முடிவை ஒளிக்காமல் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும். வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று சிலர் பயப்படலாம். பலகையைப் பார்த்து, தண்ணீர் நல்ல கடையைத் தேடி வருபவர்களும் இருப்பார்கள்.