மாதிரி பார்த்தால் போதுமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியெங்கும் தொழிற்சாலைகள். மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் அங்கே உருவாகின்றன. இத்தகைய தொழிற்சாலைக்கு ஒரு பெட்டி போல்ட்டுகள் வந்தால், பெரும்பாலும் ஒவ்வொன்றையும் அளந்து கொண்டிருப்பதில்லை. சில மாதிரிகளை எடுத்து அளக்கிறார்கள்; அவை சரியென்றால் பெட்டியையே ஏற்றுக்கொள்கிறார்கள். ஒன்றிரண்டு பழுது இருக்கலாம் என்று தெரிந்தே செய்யும் ஏற்பாடு இது. (உயிரோடு விளையாடும் பிரேக் உறுப்புகள் என்றால் கதை வேறு!)

மாணவ நண்பர்களே, இந்த வழக்கத்தை நாம் கணித வகுப்புக்குள்ளும் கொண்டுவந்து விட்டோமோ என்பது என் ஐயம்.

10 = 3 + 7; 20 = 7 + 13; 30 = 11 + 19. 2-க்கு மேற்பட்ட எந்த இரட்டைப்படை எண்ணையும் இரு பகா எண்களின் கூடுதலாக எழுதலாம் என்பது ஓர் ஊகம். கோல்ட்பாக் என்பவர் 1742-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது. 4-க்குப் பின் 18 பூச்சியங்கள் இட்டால் வரும் எண் வரையில் கணிப்பொறி சரிபார்த்துவிட்டது. ஆயினும் இன்றுவரை எவரும் அதை நிறுவவில்லை. நாமோ ஐந்து எடுத்துக்காட்டு எழுதி, 'எனவே இது உண்மை' என்று முடித்து, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம்!

அதே கோல்ட்பாக் 1752-இல் இன்னொன்றும் சொன்னார். ஒற்றைப்படைப் பகு எண் ஒவ்வொன்றும் ஒரு பகா எண்ணும் ஒரு வர்க்கத்தின் இரு மடங்கும் சேர்ந்தது என்பது அதன் சாரம். 9 = 7 + 2×1; 15 = 7 + 2×4; 35 = 17 + 2×9. நூறு வரை பாருங்கள், ஆயிரம் வரை பாருங்கள், பிசகாது. ஐயாயிரம் வரையிலும் பிசகாது. 1856-இல் ஜெர்மனியில் ஸ்டெர்ன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் 9000 வரை பொறுமையாகச் சோதித்தார்கள். 5777 அகப்பட்டது, பிறகு 5993. இரண்டும் இந்த விதிக்கு அடங்கவில்லை. மாதிரி பார்த்து ஒப்புக்கொண்டிருந்தால் இந்தப் பழுது தெரிந்திருக்குமா?

நம் இராமானுஜனும் இதில் சறுக்கியவர்தாம். ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்று காட்டும் வாய்ப்பாடு ஒன்றை 1913-இல் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதினார். இலட்சக்கணக்கில் அது வியக்கத்தக்க அளவு நெருங்கி வந்தது. ஆனால் எண்கள் மிகப் பெரிதாகும்போது பிழையும் வளரும். அவர் நினைத்ததுபோல் சிறிதாகவே நின்றுவிடாது. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. அவரும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட வேறொரு முறையின் வழியில்தான், போதிய அளவு பெரிய ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றும் மூன்று பகா எண்களின் கூடுதல் என்று 1937-இல் வினோகிராதோவ் நிறுவினார்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சரிபார்க்க' என்ற வினாவுக்குக் கீழே, 'விதிவிலக்கு உண்டா, தேடுக' என்று இன்னொரு வரியும் சேருங்கள். விடை கிடைக்காவிட்டாலும் தேடியதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

மாணவர்கள் இன்றே தொடங்கலாம். 5777-இலிருந்து 2×1, 2×4, 2×9 என்று 2×53×53 வரை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். மொத்தம் 53 கழித்தல்கள். கிடைக்கும் 53 எண்களில் ஒன்றாவது பகா எண்ணாக வந்தால், எங்கோ கணக்கில் தவறியிருக்கிறீர்கள்.